‘சத்தம் இல்லை’ என்று நான் எழுதிக்கொடுத்த டிரையர்

சத்தம் போடுகிற மெஷினைப் பார்க்கப் போனால் அந்த வீட்டில் பெரும்பாலும் இரண்டு கட்சி இருக்கும். ஒருவர் “காதே போயிரும் போலிருக்கு” என்பார். இன்னொருவர் “அப்படியொண்ணும் பெரிசா இல்ல” என்பார். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் நீங்கள் எந்தக் கட்சியில் சேரலாம் என்று என்னைக் கேட்டால், மெஷினைத் திறக்கும்வரை எதிலும் சேராதீர்கள் என்பேன். இருபத்தாறு வருஷம் வண்ணார்பேட்டை சர்வீஸ் கடையிலிருந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனவன் நான். ஓரளவு பேரெடுத்து, கடையில் எல்லோரும் ‘அண்ணாச்சிக்குக் காதாலேயே கண்டுபிடிக்கத் தெரியும்’ என்று சொல்ல ஆரம்பித்த பிறகுதான் நான் ஒரு கட்சியில் சேர்ந்து அசிங்கப்பட்டேன். பெல்ட் மாற்றுவது எப்படி என்று காட்ட உங்கள் போனில் ஆயிரம் வீடியோ இருக்கிறது. இதற்கு வீடியோ கிடையாது. அதனால் சொல்கிறேன்.

திருநெல்வேலியில் துணி காயவைக்க ஒரு மெஷினா என்று உங்களில் சிலர் சிரிப்பீர்கள். சிரிக்கலாம். வருஷத்தில் பாதி நாள் மாடியில் போட்ட துணியை ஒரு மணி நேரத்தில் எடுக்காவிட்டால் அப்பளம் மாதிரி ஆகிவிடும். ஆனால் ஐப்பசி கார்த்திகையில் அடைமழை பிடித்துவிட்டால் கதை வேறு. அப்போது டிரையர் வைத்திருக்கும் வீட்டுக்காரர்கள் நம்மைச் சொந்தக்காரர்களைவிட அதிகமாக நினைப்பார்கள்.

அப்படி ஒரு மழை வாரத்தில் பாளையங்கோட்டையில் ரூத் டீச்சர் வீட்டிலிருந்து புகார் வந்தது. டீச்சர் ஒரு பெண்கள் பள்ளியில் முப்பது வருஷம் பாட்டு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். பக்கத்துத் தெரு ஆலயத்தில் பாடகர் குழுவை நடத்துவதும் அவர்தான். அவர் வீட்டுக்காரர் ஜெபமணி சார், ராதாபுரம் தாலுகா ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் வெளிநாட்டில். டிரையர் மகள் வாங்கிக் கொடுத்தது.

நான் போனபோது முன்னறை முழுக்க வெள்ளை அங்கிகள் ஈரமாகத் தொங்கிக்கொண்டிருந்தன. கிறிஸ்மஸ் பாட்டு ஆராதனைக்குப் பாடகர் குழு போட்டுக்கொள்ளும் அங்கிகள். ஆலயத்து அலமாரிக்கு மேலே கூரை ஒழுகி, எல்லாம் பூசணம் பிடித்து நாறிவிட்டதாம். டீச்சர் வீட்டுக்குக் கொண்டுவந்து துவைத்திருந்தார்.

“துணி போட்டு இருபது நிமிஷம் ஒண்ணும் தெரியாது தம்பி,” என்றார் டீச்சர். “அதுக்கப்புறம் உள்ளுக்குள்ள கடகடன்னு ஒரு சத்தம் வருது.”

ஜெபமணி சார் என் பக்கத்தில் வந்து நின்றார். “அதெல்லாம் ஒண்ணுமில்ல வே.”

“எப்பலருந்து வருது சார்?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் ஒண்ணுமில்ல வே.”

“துணி ரொம்ப அள்ளிப் போடுவீகளோ?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல வே.”

அரசாங்க ஆபீஸில் இருந்தவர், எதிலும் மாட்டிக்கொள்ளாமல் பதில் சொல்லிப் பழகியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில் வருகிறதே என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. நீங்களாவது கவனியுங்கள்.

மெஷினைக் காலியாக ஐந்து நிமிஷம் ஓட்டினேன். பூனை நடக்கிற மாதிரி ஓடியது. பக்கவாட்டில் கைவைத்துப் பார்த்தேன். அதிர்வு இல்லை. இருபது நிமிஷம் என்று டீச்சர் தெளிவாகச் சொல்லியிருந்தார். ஆனால் எனக்கு அடுத்து கங்கைகொண்டானில் ஒரு கேன்டீன் வேலை இருந்தது, மழையில் வண்டி ஓட்டிப் போகவேண்டும். சத்தமே இல்லை என்று சொல்ல அங்கே ஒரு ஆம்பிளை சாட்சியும் நின்றுகொண்டிருந்தார்.

“நல்லாத்தான் இருக்கு டீச்சர்,” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். “வயசாச்சுன்னா சிலபேருக்குக் காதுக்குள்ளயே இப்படி ஒரு இரைச்சல் கேக்கும். எங்க அம்மைக்கும் அப்படித்தான்.”

எங்கள் அம்மைக்கு எழுபத்தெட்டு வயதில் அடுத்த தெருவில் குழம்பு தாளிப்பது கேட்கும். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். ஜாப் கார்டில் ‘சத்தம் இல்லை’ என்று எழுதி, சாரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

ஒரு வாரத்தில் மறுபடி புகார். கடை சூப்பர்வைசர், “அண்ணாச்சி, அந்த டீச்சர் திரும்பக் கூப்பிடுதாங்க. ஏதாவது பண்ணி முடிச்சு விடுங்க,” என்றார். ‘ஏதாவது பண்ணி’ என்ற சொல் இருக்கிறதே, அது நம் தொழிலில் ரொம்ப மோசமான சொல். நான் போய் அதைத்தான் செய்தேன். பின்பக்க மூடியைக் கழற்றினேன். துணியிலிருந்து உதிர்ந்து உள்ளே சேர்ந்திருந்த பஞ்சைத் தட்டினேன். ஏற்கெனவே இறுகியிருந்த நான்கு திருகுகளை இன்னொரு தடவை இறுக்கினேன். டீச்சர் பார்க்கிற மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு இறுக்கினேன். பிறகு மூடிவிட்டு, “சரி பண்ணியாச்சு டீச்சர்,” என்றேன்.

“என்ன பழுது தம்பி?”

“உள்ள கொஞ்சம் லூசா இருந்துச்சு,” என்றேன்.

“சார், இப்ப எப்படி இருக்கு?” என்று சாரைப் பார்த்துக் கேட்டேன்.

“அதெல்லாம் ஒண்ணுமில்ல வே,” என்றார் சார், மிகுந்த திருப்தியோடு.

இல்லாத வியாதிக்கு வெறும் தண்ணீர் ஊசி போட்டு அனுப்புகிற டாக்டர் மாதிரி நான் வெளியே வந்தேன். பெரியவர்களின் மனசைப் புரிந்து நடக்கத் தெரிந்தவன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டதும் உண்டு.

நாலு நாள் கழித்து டீச்சரே என் நம்பருக்குப் பேசினார். சண்டை போடப்போகிறார் என்று நினைத்து, சொல்லவேண்டிய சமாதானத்தை எல்லாம் தயார் பண்ணிக்கொண்டு எடுத்தேன். குரல் தணிந்திருந்தது.

“தம்பி, தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோங்க. அன்னைக்கு உங்க அம்மைக்குக் காதுக்குள்ள சத்தம் கேக்கும்னு சொன்னீங்கள்ளா. அவங்களை எந்த டாக்டர்ட்ட காமிச்சீங்க?”

போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன். அவர் தொடர்ந்தார்.

“மெஷினை நீங்க சரி பண்ணிட்டீங்க. எங்க வீட்டுக்காரங்களுக்கும் ஒண்ணும் கேக்கல. எனக்கு மட்டும் இன்னும் கேக்குது. அப்ப என் காதுதான் போயிருக்கு. காது போனவ நாப்பது பேரை வச்சுப் பாட்டு நடத்தக்கூடாது தம்பி. சுருதி விலகினா எனக்கே தெரியாது. ஞாயித்துக்கிழமை ஆராதனைய நடத்த வேற ஆள் பாத்துக்கிடுங்கன்னு ஐயர்ட்ட சொல்லிட்டேன்.” ஆலயத்துப் போதகரை அவர்கள் ஐயர் என்றுதான் சொல்வார்கள்.

“டீச்சர், டாக்டரை அப்புறம் பாப்போம். நான் நாளைக்குக் காலையில வாரேன்,” என்றேன். இருபது வருஷத்துக்குப் பக்கமாகிவிட்ட வேலையில் நான் மோட்டாரை எரித்திருக்கிறேன், பிரிட்ஜைப் படிக்கட்டில் உருட்டியிருக்கிறேன். ஒரு மனுஷியின் காதை அவரே நம்பாதபடி செய்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் சனிக்கிழமை. மழை விடவில்லை. கடையில் லீவு சொல்லிவிட்டுப் போனேன். கடைசித் தவணை அங்கிகள் ஈரமாகக் காத்திருந்தன. “டீச்சர், வழக்கமா எப்படிப் போடுவீங்களோ அப்படியே போடுங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்,” என்று மெஷின் முன்னால் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். ஜெபமணி சார் நாற்காலியில் பேப்பரை விரித்தார்.

பத்து நிமிஷம். பதினைந்து. சும்மா உட்கார்ந்திருப்பதைப் போலக் கஷ்டமான வேலை நம் தொழிலில் கிடையாது. கை பரபரக்கும். எதையாவது கழற்றத் தோன்றும். நான் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன்.

இருபத்திரண்டாவது நிமிஷம், கட. அப்புறம் கடகட. கொஞ்சம் இடைவெளி விட்டு, கடகடகட.

“டீச்சர், கேக்குது,” என்றேன்.

அடுப்படியிலிருந்து வந்த டீச்சர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். சந்தோஷப்படுவார் என்று பார்த்தேன். “எனக்காகச் சொல்லலையே தம்பி?” என்றார்.

நியாயமான கேள்வி. திருகை இறுக்கி நடித்தவன் சொல்வதை எதற்கு நம்பவேண்டும்? சாரைப் பார்த்தார். சார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சத்தம் இப்போது நன்றாகவே வந்தது, தகரடப்பாவுக்குள் கொட்டைப்பாக்கு உருளுகிற மாதிரி. சாரின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

அப்போதுதான் எனக்கு ஏதோ இடித்தது. ஆனால் அதைப் பிடித்து யோசிக்காமல் பழைய புத்தி முந்திக்கொண்டது. “துணி சுத்துத டிரம்மைத் தாங்குத உருளை தேஞ்சிருக்கு டீச்சர். மாத்திட்டா சரியாப் போயிரும்,” என்று பையைத் திறந்தேன்.

“உருளைன்னா டிரம்மோட சேந்துதானே சுத்தும்?” என்று கேட்டார்.

“ஆமா.”

“அப்ப அது இல்ல.”

டீச்சர் பக்கத்தில் வந்து இடது கையை மெஷின்மேல் வைத்தார். டிரம்மின் தகடு சேருகிற இடத்தில் ஒரு தையல் உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் அது உருளைமேல் ஏறி இறங்கும்போது லேசாக ஒரு அசைவு தெரியும். நம்மில் பாதிப் பேருக்கு அது தெரியாது. டீச்சர் அதைப் பிடித்து இடது விரலால் தாளம் போட்டார். கடிகாரம் மாதிரி சீராக விழுந்தது. பிறகு கடகட சத்தம் வரும்போதெல்லாம் வலது விரலால் தட்டினார்.

“ரெண்டு கையும் ஒத்துப்போகுதா பாருங்க தம்பி.”

ஒத்துப்போகவில்லை. இடது கை ஆராதனையில் இருந்தது. வலது கை திருவிழாக் கூட்டத்தில் இருந்தது.

“டிரம்முல உள்ள கோளாறுன்னா டிரம்மோட தாளத்துலதான் வரணும். இது தாளம் தெரியாத பிள்ளை கைதட்டுத மாதிரி இஷ்டத்துக்கு வருது. வேகமாச் சுத்துத வேற ஏதோ ஒண்ணுக்குள்ள என்னமோ கிடந்து உருளுது.”

வேகமாகச் சுற்றுவது ஒன்றே ஒன்றுதான். சூடான காற்றைத் தள்ளுகிற காற்றாடி. இதை நான் அவருக்குச் சொல்லியிருக்கவேண்டும். இரண்டு வாரமாக அவர் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார், நான்தான் கேட்கவில்லை.

மெஷினை நிறுத்தி, வயரைப் பிடுங்கி, ஆறவிட்டுத் திறந்தேன். காற்றாடிக் கூட்டுக்கு அடியில் ஈரப் பஞ்சு குருவிக்கூடு மாதிரி சேர்ந்திருந்தது. அதற்குள் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. சூட்டில் பஞ்சு காய்கிறவரை அது அசையாது, காய்ந்ததும் கழன்று ஆடும். அதுதான் இருபது நிமிஷக் கணக்கு. விரலை விட்டு எடுத்தேன். கடலைப்பருப்பைவிடக் கொஞ்சம் பெரியது, தோல் நிறத்தில் பிளாஸ்டிக், ஒரு ஓரத்தில் நூல்போல மெல்லிய வால். என்னவென்று புரிய எனக்கு இரண்டு மூச்சு நேரமாயிற்று.

காதுக்குள்ளே வெளியே தெரியாதபடி வைத்துக்கொள்கிற காது மெஷின்.

நிமிர்ந்தேன். ஜெபமணி சார் பேப்பரை மடித்துவிட்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் முன்பே காய்ந்திருந்த அங்கிகளை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போயிருந்தார். சார் பைய என் அருகில் வந்து குனிந்து ரகசியம் சொன்னார்.

“டீச்சர்ட்ட சொல்லிராதீரும் வே. துணிப்பஞ்சு சேருத தட்டைக் கழுவ உருவினப்ப சட்டைப் பையிலருந்து விழுந்திருக்கும். எங்க போச்சுன்னே தெரியாம ஒரு மாசமாத் தேடுதேன்.”

காது மெஷின் இல்லாதவர் சொல்லும் ரகசியம் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது வீட்டு நாய் ஒருமுறை குரைத்து அடங்கியது.

அடுத்த அறையில் துணி மடிக்கிற சத்தம் நின்றது.

இந்த இடத்தில்தான் உங்களை நிறுத்தி ஒன்று கேட்கவேண்டும். நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? ‘பட்டன் ஒண்ணு கிடந்துச்சு டீச்சர்’ என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது. சாருக்கும் மானம் தப்பும், எனக்கும் வேலை முடியும். ஆனால் ஏற்கெனவே அந்த வீட்டில் இரண்டு பொய் சொல்லியாயிற்று, இரண்டையும் நல்ல மனசோடு சொன்னதாகத்தான் நினைத்தேன். மெஷினில் என்ன கோளாறு, அது எப்படி வந்தது என்பது டீச்சருக்கு நான் சொல்லவேண்டியது. அவர் வீட்டுக்காரர் எதை மறைத்தார், ஏன் மறைத்தார் என்பது சார் சொல்லவேண்டியது. வாடிக்கையாளர் வீட்டுக்குள் கால் வைக்கிற நமக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு தெரியவேண்டும்.

அந்தப் பொருளைச் சாரின் உள்ளங்கையில் வைத்து மூடினேன். டீச்சரைக் கூப்பிட்டேன்.

“டீச்சர், மெஷின்ல சத்தம் இருந்தது. ஆரம்பத்துலருந்தே இருந்தது. நீங்க சொன்னது அத்தனையும் சரி. முதல் நாள் நான் இருபது நிமிஷம் இருந்து பாக்கல. ரெண்டாவது நாள் நான் ஒண்ணுமே சரி பண்ணல, சும்மா திருகைத் திருகிட்டுப் போனேன். காற்றாடிக்குள்ள ஒரு சாமான் விழுந்து கிடந்துச்சு. அது என்னன்னு சார் சொல்லுவாக.”

சார் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி வரி அவருக்குப் புரிந்துவிட்டது. கையைத் திறந்து காட்டினார்.

“ரூத், இது ரெண்டாவது,” என்றார். “முதல்ல வாங்கினது குத்தாலத்து அருவியில போச்சு. இதுவும் போச்சுன்னு வாங்கிக் குடுத்த பிள்ளைட்ட எந்த முகத்தோட சொல்லுவேன்? முதல் தடவைக்கே நீ ரெண்டு நாள் எங்கூட பேசல.”

“பேசினேன்,” என்றார் டீச்சர். “உங்களுக்குக் கேக்கல.”

எனக்குச் சிரிப்பு வந்து, மெஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டேன். ஆனால் டீச்சர் சிரிக்கவில்லை. அவர் கணவருக்கு முன்னால் போய், முகத்துக்கு நேராக நின்றுகொண்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

“காது மெஷின் போனது போகட்டும். மூணு வாரமா எனக்குக் கேக்குத சத்தத்தை இல்லன்னு சொன்னீங்களே. என் காது போச்சுன்னு நான் ஐயர்ட்ட போய்ச் சொல்லிட்டு வந்தேன். அப்பவும் பேசாமத்தான இருந்தீங்க?”

“நீ ஐயர்ட்ட சொன்னது எனக்குத் தெரியாது,” என்றார் சார். “சொல்லியிருப்ப. எனக்குக் கேட்டிருக்காது.” பிறகு கையிலிருந்ததைப் பார்த்தபடி, “சத்தம் இருக்குன்னு நான் எப்படிச் சொல்ல? இருக்கா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? இல்லன்னு சொன்னா யாரும் மேல கேக்க மாட்டாங்கன்னு சொல்லிட்டேன்,” என்றார். குரல் உடைந்திருந்தது. ஊரைக் கூட்டுகிற சத்தத்தில் ஒருவர் குரல் உடைந்து நான் கேட்டது அப்போதுதான்.

டீச்சர் அவர் கையிலிருந்ததை வாங்கிப் பார்த்தார். வால் அறுந்து, ஒரு பக்கம் உருகியிருந்தது. அதைத் தன் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். திட்டுவார் என்று சாரும் நானும் காத்திருந்தோம். அவர் போனை எடுத்து ஐயரைக் கூப்பிட்டு, நாளைக்குத் தானே நடத்துவதாகச் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

“உங்க அம்மைக்கு உண்மையிலேயே காது அப்படி இருக்கா தம்பி?”

“இல்ல டீச்சர்.”

“அப்ப அவங்கள்ட்டயும் ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டுருங்க.”

கேட்டேன். அம்மை, “எதுக்குலே?” என்றாள். முழுக் கதையும் சொன்னபிறகு அரை நாள் என்னோடு பேசவில்லை. எனக்கு நன்றாகவே கேட்டது.

அன்றைக்கு மெஷினைச் சுத்தமாக மாட்டி, மீதி அங்கிகளைப் போட்டு, ஒரு மணி நேரம் முழுசாக உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன். அதற்குப் பிறகு ஓய்வு பெறுகிறவரை எந்த ஜாப் கார்டிலும் ‘சத்தம் இல்லை’ என்று எழுதியதில்லை. ‘நான் இருந்த நேரத்தில் கேட்கவில்லை’ என்றுதான் எழுதுவேன். சூப்பர்வைசருக்கு அது பிடிக்காது, கார்டில் இடம் போதாது என்பார். நீங்கள் ஓரத்தில் எழுதுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு நான் போகவில்லை. நன்றாக நடந்தது என்று கேள்விப்பட்டேன். இரண்டு வாரம் கழித்து ஜெபமணி சாரே போன் பண்ணினார். புதுக் காது மெஷின் வந்துவிட்டது என்று நான் அவர் குரலிலேயே தெரிந்துகொண்டேன். தணிவாகப் பேசினார்.

“எங்க பிரிட்ஜு ஒரு மாதிரி உறுமுது வே. கொஞ்சம் வந்து பாரும்.”

போனேன். பிரிட்ஜ் எல்லா பிரிட்ஜையும் போலத்தான் ஓடியது. ஒரு கோளாறும் இல்லை. சொல்லிவிட்டு வரலாம், இரண்டு நிமிஷ வேலை. ஆனாலும் அவரோடு சேர்ந்து நானும் அதன் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். அது உறுமி, அடங்கி, ஒரு தடவை சிலிர்த்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தது.

“ஆமா சார், கேக்குது. எல்லா பிரிட்ஜும் இப்படித்தான் பேசும். பயப்படுததுக்கு ஒண்ணுமில்ல.”

“இத்தனை வருஷமும் இது இங்கன நின்னு பேசிட்டுத்தான் இருந்திருக்கு, என்ன?”

“ஆமா சார்.”

எங்களுக்குப் பின்னால், அடுப்படி மேடையில் டீச்சர் வேலையாக இருந்தார். திரும்பாமலே, சாதாரணக் குரலில், யாரையும் கூப்பிடாமல் கேட்டார். “காப்பி போடுதேன். சீனி எவ்வளவு?”

“எனக்கு அரைக் கரண்டி போதும் ரூத்,” என்றார் சார், பிரிட்ஜைப் பார்த்தபடியே.

டீச்சரின் கை சீனி டப்பாமேல் அப்படியே நின்றது. பிறகு கொஞ்ச நேரம் அவர் எங்கள் பக்கம் திரும்பவேயில்லை.